காவியத்துக்குக் கோடு போடும் வேலை

காவியம் பாடியவர்களுக்கு ஆட்களைச் சேர்த்துக்கொண்டே போகத் தெரியும். அத்தனை பேரையும் ஒரே தாளில் உட்காரவைக்கிற பாடு எங்களைப் போன்றவர்களுக்கு.

எனக்குச் சொந்த ஊர் நகரி. திருப்பதியில் சின்னதாக ஒரு டிசைன் கடை வைத்திருக்கிறேன். முன்னறையில் முரளி அண்ணன் ஃப்ளெக்ஸ் வேலையைப் பார்த்துக்கொள்கிறார். பிறந்தநாள், காதுகுத்து, கட்சித் தலைவர் வருகை, கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவர் கையில். பின்னறையில் என் வேலை வேறு. சித்தூரில் ஒரு பதிப்பாளர் இருக்கிறார், தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பழைய பெருங்காவியம் ஒன்றைப் பாட்டும் உரையுமாகப் பகுதி பகுதியாகக் கொண்டுவருகிறார். ஒவ்வொரு பகுதிக்குள்ளும் மடித்து வைக்கிற பெரிய தாளை நான் வரைந்து கொடுக்க வேண்டும். யாருக்கு யார் என்ன உறவு, எந்தக் காட்டிலிருந்து எந்த ஊருக்குப் போனார்கள், எந்த நாள் சண்டையில் யார் விழுந்தார்கள் என்று ஒரு பார்வையில் தெரிய வேண்டும். எந்தக் காவியம் என்று நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் பக்கத்து அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் படித்து, ராத்திரி கூத்தாடுகிற காவியம் ஒன்றுதான் உண்டு.

"இவன் யாருடைய மகன்?" என்று முன்பக்கத்தைப் புரட்டிப் பார்த்து, அங்கேயும் தெரியாமல், புத்தகத்தையே மூடிவைத்தவர் நீங்கள் என்றால், நாம் ஒரே சாதி. மேலே படியுங்கள்.

பெற்றவர், வளர்த்தவர்

வம்சப்படம் போடுவதற்கென்றே கம்ப்யூட்டரில் ஒரு சாஃப்ட்வேர் உண்டு. அப்பா ஒருவர், அம்மா ஒருவர், கீழே பிள்ளைகள். அது அவ்வளவுக்குத்தான் ஒத்துக்கொள்ளும். எங்கள் காவியமோ முதல் பகுதியிலேயே அதன் வாயை அடைத்துவிட்டது. பெற்றவர் ஒருவர், பெயர் கொடுத்தவர் ஒருவர், ஆற்றிலிருந்து எடுத்து வளர்த்தவர் இன்னொருவர். ஒரு பிள்ளைக்கு இத்தனை கோடா என்று அது திரும்பத் திரும்பத் தப்பு காட்டியது. நான் அதை மூடிவிட்டுக் கையால் வரைய உட்கார்ந்தேன்.

வரைந்ததை எடுத்துக்கொண்டு சித்தூருக்குப் போனேன். பெற்றவர் கோட்டைத் தடிப்பாகவும் வளர்த்தவர் கோட்டை மெல்லியதாகவும் போட்டிருந்தேன், அதுதான் முறை என்று நினைத்து. பதிப்பாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் தாளைப் பார்த்தார். அவருக்குப் பிள்ளை கிடையாது. அண்ணன் மகளை எடுத்து வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர் என்பது எனக்கு அப்போது தெரியாது. "மாத்திப் போடும்மா. பெத்தவங்க கோடு மெல்லிசா இருந்தாப் போதும், அது தானா தெரியும். வளத்தவங்க கோட்டத்தான் நாம தடிப்பாக் காட்டணும்" என்றார்.

எந்தக் கலர்

கங்காதர நெல்லூர் பக்கத்தில் ஒரு ஊரில் திருவிழா. காவியம் படிக்கிற பந்தல் ஓரத்தில் தொங்கவிட, இரண்டு பக்கத்துப் படையும் தெரிகிற மாதிரி பெரிய ஃப்ளெக்ஸ் ஒன்று வேண்டும் என்று கமிட்டிக்காரர்கள் கேட்டார்கள். நான் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கட்டும் என்று ஒரு படைக்கு மஞ்சளும் மற்றதற்கு நீலமும் அடித்தேன். ஆந்திராவில் பிறந்து வளர்ந்து, ஓட்டுப் போட்டு, கட்சி பேனர்களாலேயே வயிறு வளர்க்கிற எனக்கு, அந்த இரண்டும் இரண்டு பெரிய கட்சிகளின் நிறம் என்று உறைக்கவில்லை. காவியத்துக்குள் ரொம்ப ஆழமாக இறங்கிவிட்டால் இப்படித்தான் ஆகும்.

கட்டிய அன்றே போன் வந்தது. மஞ்சள் கட்சிக்காரர்கள், நாங்கள் என்ன சூதாடிகளா என்று கேட்கிறார்களாம். நீலக் கட்சிக்காரர்கள், நாங்கள் மட்டும் ஏன் காட்டுக்குப் போக வேண்டும் என்று கேட்கிறார்களாம். பந்தலில் படிப்பு நின்றுபோயிருந்தது. கமிட்டித் தலைவர் நேரில் வந்தார். கோபமெல்லாம் படவில்லை, அலுத்துப்போயிருந்தார். "அந்தச் சண்ட எப்பவோ முடிஞ்சிபோச்சும்மா. எங்க சண்ட அடுத்த எலெக்‌ஷன் வரிக்கும் ஓடணும். ரெண்டு பக்கத்தயும் ஒரே கலர்ல போட்டுக் குடு" என்றார்.

மேப்பில் இல்லாத ஊர்

வனவாச மேப் வெளியான பிறகு குடிபாலாவிலிருந்து ஒருவர் போன் செய்தார். அவர்கள் ஊர் மலையில் காவிய நாயகர்கள் தங்கியிருக்கிறார்கள், பாறையில் படுக்கை இருக்கிறது, குடித்த சுனை இருக்கிறது, மேப்பில் மட்டும் ஊரைக் காணோம் என்றார். பாட்டில் அப்படி ஒரு இடம் வரவில்லையே என்று பக்குவமாகச் சொன்னேன். எங்கள் ஜில்லாவில் அவர்கள் தங்காத குன்றே கிடையாது என்று உங்களுக்கும் தெரியும். எல்லாவற்றையும் போட்டால் அவர்கள் நடந்து முடிக்க வனவாச வருஷங்கள் போதாது.

அவர் சண்டைக்கு வரவில்லை. "பாட்டுல இல்லன்னா பரவால்ல மேடம். வூட்ட வுட்டுட்டு அலையறவங்க, வழியில எங்க தண்ணி குடிச்சாங்கன்னு யாரு எழுதி வெக்கறாங்க?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

விளக்கு

அஞ்சலி பேனரில் ஒரு வழக்கம் உண்டு. படம் முட்டை வடிவச் சட்டத்தில் இருக்கும், கீழே சின்னதாக ஒரு விளக்கு எரியும். விளக்கு இருந்தால் ஆள் இல்லை என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் தெலுங்கு படிப்பவருக்கும் தமிழ் படிப்பவருக்கும், எழுத்தே தெரியாதவருக்கும் அது தெரியும். போர்ப் பகுதிக்கு நான் படம் போட்டபோது, இறந்தவர்களை எப்படிக் காட்டுவது என்று குழம்பிக்கொண்டிருந்தேன். முரளி அண்ணன் தன்னிடம் இருந்த விளக்கையே எடுத்துக் கொடுத்தார். சரியென்று நாள்வாரியாக ஒவ்வொருவருக்கும் விளக்கு வைத்துக்கொண்டே போனேன். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். தாள் முழுக்க விளக்கு. இரண்டு பக்கத்துப் பேரன்கள் வரிசையிலும் ஒருவர்கூடப் பாக்கியில்லை.

புத்தகம் போய்ச் சேர்ந்ததும் சித்தூரிலிருந்து ஒரு வாசகர், பேங்கில் வேலை பார்ப்பவர், கடைக்கு வந்தார். படத்தில் ஏதோ தப்பு இருக்கிறது என்று சொல்லித் தாளை மேஜைமேல் விரித்தார். இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். நான் பெயர் பெயராகச் சரிபார்த்துக் காட்டினேன், ஒரு தப்பும் இல்லை. அவர் தாளைப் பழையபடி மடித்துக்கொண்டே, "அப்ப ஜெயிச்சது யாரு மேடம்? படத்துல தெரியலயே" என்றார்.

கோடு இல்லாத வருஷம்

அதற்கடுத்த தாள் ஆயுள்படம். ஒவ்வொருவருக்கும் இடமிருந்து வலமாக ஒரு கோடு. பிறக்கும்போது ஆரம்பிக்கும், சாகும்போது விளக்கில் முடியும். நடுவில் ஒரு வருஷம் மட்டும் நாயகர்கள் வேறு பெயரில், வேறு வேஷத்தில், யார் கண்ணிலும் படாமல் ஒளிந்திருக்க வேண்டும் என்பது கதை. அந்த வருஷத்துக்கு நான் கோடு போடவில்லை. வெள்ளையாக விட்டேன். ஆளைக் காணோம் என்பதை அதைவிட அழகாகக் காட்ட முடியாது என்று எனக்குள் கொஞ்சம் பெருமை கூட.

வசந்தா என்று ஒருவர் கடைக்கு வந்தது அந்தத் தாளோடுதான். வடமாலபேட்டைக்காரர். மாங்கூழ் ஃபேக்டரி ஆபீசில் வேலை. முப்பத்தைந்து வயது இருக்கலாம். வெள்ளை இடத்தில் விரலை வைத்து, "இங்க ஏன் கோடு அறுந்து கெடக்குது?" என்று கேட்டார். ஒளிந்திருந்த வருஷம், யாருக்கும் அவர்களைத் தெரியாது, அதனால் விட்டிருக்கிறேன் என்று விளக்கினேன். அவர் தலையை ஆட்டினார், ஆனால் விரலை எடுக்கவில்லை. உட்காரச் சொன்னேன். உட்கார்ந்த பிறகுதான் விஷயம் வந்தது.

அவருடைய புருஷன் குமரேசன் சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். ஒருநாள் காலையில் சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு போனவர் திரும்பவில்லை. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. போலீஸ், பேப்பர், ஜோசியம் எல்லாம் ஆயிற்று, வருஷங்களும் ஓடிவிட்டன. இப்போது வீட்டில், உருவம் கட்டி எரித்துக் கருமாதி பண்ணிவிடலாம் என்கிறார்கள். காணாமல் போனவர்களுக்கு எங்கள் பக்கத்தில் அப்படிச் செய்வதுண்டு. கருமாதி என்றால் அன்றைக்கே பெண்டாட்டிக்குத் தாலி கழற்ற வேண்டும், பூவும் பொட்டும் எடுக்க வேண்டும். அவர் நெற்றியில் பொட்டு வட்டமாக, கொஞ்சம் பெரிதாகவே இருந்தது. அதைப் பார்க்காமல் இருக்க நான் தாளைப் பார்த்தேன். "நீங்க படிச்சவங்க, கோவிச்சிக்காதீங்க. யாருக்கும் தெரியலன்னா அவங்க இல்லன்னு ஆயிடுமா மேடம்?" என்று கேட்டார்.

புள்ளி

அவர் போனதும் அந்தத் தாளைத் திறந்து, வெள்ளை வருஷத்தில் புள்ளிப் புள்ளியாகக் கோடு போட்டேன். ஒவ்வொரு நாயகனுக்கும் போட்டேன், அவர்கள் பெண்டாட்டிக்கும் போட்டேன். பிறகு அடுத்த அச்சில் மாற்றிவிடலாமா என்று பதிப்பாளருக்குப் போன் செய்தேன். வசந்தாவைப் பற்றிச் சொல்லவில்லை. அது அவருடைய துக்கம், நான் எடுத்து விநியோகிக்க அல்ல.

பதிப்பாளர் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. வெள்ளையில் கண் ஒரு நிமிஷம் தவிக்கும், புள்ளி வைத்தால் அவர்கள் திரும்பி வருவது உடனே தெரிந்துவிடும், வழிகாட்டுகிற படம் கதையை உடைக்கலாமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பிறகு அவரே சொன்னார்: "போட்டுடும்மா. திரும்பி வருவாங்கன்னு தெரிஞ்சாத்தான் சில பேரால அந்த வருஷத்தத் தாண்டிப் படிக்க முடியும்."

முதல் பெயர்

அஞ்சலி பேனருக்கு எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. அடியில் "துக்கத்தில் வாடும்" என்று போட்டுக் குடும்பத்தார் பெயர்களை வரிசையாகப் போடுவோம். அதில் முதல் பெயர் யாரோ, அவர் வாட்ஸப்பில் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் மிஷின் ஓடும். பெயர் விட்டுப்போனதற்குச் சாவு வீட்டில் பிணத்தை வைத்துக்கொண்டே அடிதடி நடந்ததைப் பார்த்த பிறகு முரளி அண்ணன் வைத்த சட்டம் அது.

ஒரு மத்தியானம் அவர் என்னை முன்னறைக்குக் கூப்பிட்டார். திரையில் முட்டைச் சட்டத்துக்குள் ஒரு ஆண் முகம், கல்யாணப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்தது. தோள் ஓரத்தில் ஜரிகைப் புடவை கொஞ்சம் தெரிந்தது. கீழே விளக்கு. பெயர் குமரேசன், ஊர் வடமாலபேட்டை. முதல் பெயர், மனைவி வசந்தா. எதிர் நாற்காலியில் குமரேசனின் தம்பி தயாளன் உட்கார்ந்திருந்தார். ஆர்டர் கொடுத்தது அவர்தான். எனக்கு அவர்மேல் சுள்ளென்று கோபம் வந்தது. பேனரிலேயே அண்ணனைக் கொன்று அவர் பங்கு நிலத்தைப் பிடுங்கப் பார்க்கிறான் என்று மனசுக்குள் தீர்ப்பே எழுதிவிட்டேன். முரளி அண்ணன் கடைச் சட்டப்படி படத்தை வசந்தாவுக்கு அனுப்பிவிட்டிருந்தார். சரி என்றும் பதில் வரவில்லை, வேண்டாம் என்றும் வரவில்லை. ஆளே பஸ் பிடித்து வந்துவிட்டார்.

தயாளன் எழுந்து நின்றார். "அண்ணி, நான் எதுக்கும் ஆசப்பட்டுப் பண்ணல. நைனா படுத்துக்கினு கீறாரு. கஞ்சி கூட எறங்கல. பெரியவனுக்குக் காரியம் பண்ணாம கண்ண மூடமாட்டேன்னு இஸ்துக்கினு கெடக்கறாரு. நீங்கதான அவுருக்கு எல்லாம் பாக்கறீங்க, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. என் தீர்ப்பை நானே கிழித்துப் போட்டேன்.

வசந்தா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. "காரியத்தப் பண்ணு தயாளு. மாமா படற பாட்ட என்னாலயும் பாக்க முடியல. நான் குறுக்க நிக்கமாட்டேன்" என்றார். பிறகு முரளி அண்ணன் பக்கம் திரும்பி, தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். காரியம் நடக்கிற இடத்தில் வந்து உட்காரவும் மாட்டேன், கழுத்திலும் நெற்றியிலும் யாரும் கை வைக்கவும் விடமாட்டேன் என்றார். பெண்டாட்டி பெயர் இல்லாமல் பேனர் கட்டினால் ஊர் என்ன பேசும் என்று தயாளன் கெஞ்சினார். "பேசிக்கினு போவட்டும். அவுரு செத்துட்டாருன்னு நீங்க சொல்றீங்க. அத நானும் சொன்னாத்தான உண்மையாவும்?" என்றார் வசந்தா.

பெயருக்கு முன்னால் ஒரு சொல்

கருமாதி நடந்தது. பேனர் வடமாலபேட்டை ரோட்டோரத்தில் கட்டப்பட்டது. சென்னைப் பஸ்ஸில் போகிறவர்கள் எல்லாம் குமரேசன் முகத்தைப் பார்த்துக்கொண்டு போனார்கள். வசந்தா பொட்டோடு ஃபேக்டரிக்குப் போய்வந்துகொண்டிருந்தார். ஊர் பேசத்தான் செய்தது. திருப்பதியில் இருக்கிற என் காதுக்கே எட்டியது என்றால் அங்கே எவ்வளவு பேசியிருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். படுக்கையில் கிடந்த பெரியவர் மட்டும் யார் பேசியதையும் கேட்கவில்லை. மகனுக்கு எல்லாம் செய்தாயிற்று என்று காதில் சொன்னார்களாம். அதற்குப் பிறகு அவர் அதிக நாள் இருக்கவில்லை.

இரண்டாவது பேனருக்கு வசந்தாவும் தயாளனும் சேர்ந்து வந்தார்கள். பெரியவர் படம், சட்டம், விளக்கு எல்லாம் ஆயிற்று. "துக்கத்தில் வாடும் மகன்கள்" என்று அடித்துவிட்டு முரளி அண்ணன் பெயர் கேட்டார். "குமரேசன்" என்றார் வசந்தா.

முரளி அண்ணன் விரல் நின்றுவிட்டது. தப்பு அவர்மேல் இல்லை. முன்பே இறந்துபோன மகனின் பெயரைப் போடுவதானால் அதற்கு முன்னால் "லேட்" என்று சேர்ப்பது வழக்கம். அந்த மகனுக்கு விளக்கு வைத்தவரே அவர்தான். வசந்தாவைக் கேட்க அவருக்கு மனசு வரவில்லை. தயாளனைப் பார்த்து மெதுவாக, "லேட் பெட்டாலா, வத்தா?" என்று தெலுங்கில் கேட்டார், போடணுமா வேண்டாமா என்று. தெலுங்கில் கேட்டால் வலிக்காது என்று நினைத்தாரோ என்னவோ. வடமாலபேட்டையில் யாருக்குத் தெலுங்கு தெரியாது? வசந்தா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கொழுந்தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, உள்ளே போகவும் முடியவில்லை.

தயாளன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். அப்பாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்த கை. "வாணாம்ணா. நைனா நிம்மதியா போவணும்னுதான் அவனுக்குக் காரியம் பண்ணேன். நைனா போயாச்சு. இனிமே யாருக்காவ அவன சாவடிக்கறது? மூத்தவன் பேரு, மொதல்ல போடு" என்றார்.

அந்தப் பெரிய போரில் எந்த நாள் யார் விழுந்தார், யார் மிஞ்சினார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். வடமாலபேட்டையில் ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்று கேட்டால் மட்டும், வீட்டு ஆட்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றுதான் இப்போதெல்லாம் என்னால் சொல்ல முடிகிறது.